முதல் ஆர்சி ட்ரக்: எதை வாங்கினால் அடுத்த வருடமும் ஓடும்?

கேள்வி இதுதான்: 14 வயது மகனுக்கு முதல்முறையாக ஹாபி கிரேட் ரேடியோ கன்ட்ரோல் ட்ரக் வாங்கித் தர வேண்டும். இதற்கு முன் வாங்கிக் கொடுத்த பொம்மைக் கார்கள் எல்லாம் சில வாரங்களிலேயே குப்பைக்குப் போய்விட்டன. மண், புல், ரோடு என எல்லா இடத்திலும் ஓட வேண்டும், சீக்கிரம் உடையக்கூடாது. மகனோ 80 கிலோமீட்டர் வேகம் போகும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். எதை வாங்கலாம்? நைட்ரோ, அதாவது எரிபொருளில் ஓடும் எஞ்சின் வண்டி எப்படி? பழைய வண்டி வாங்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு), மின்சாரத்தில் ஓடுவது, பிரஷ்டு (கார்பன் பிரஷ் உள்ள) மோட்டார், பெட்டியைத் திறந்ததும் ஓட்டக்கூடிய ஆர்டிஆர் வகை, உதிரி பாகங்கள் தனித்தனியாகக் கிடைப்பது. இந்த ஐந்தும் பொருந்தினால் பிராண்டைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பெயர் சொல்லியே தீர வேண்டும் என்றால் ட்ராக்ஸஸ் ஸ்லாஷின் டூ-வீல் டிரைவ் பிரஷ்டு மாடலை முதலில் சொல்வேன், ஆர்மா கிரானைட்டின் மெகா 550 பிரஷ்டு மாடலை அடுத்து சொல்வேன். ஆனால் இரண்டில் எதற்கு உங்களால் உதிரி பாகம் எளிதாக வாங்க முடிகிறதோ, அதற்கே முதலிடம் கொடுங்கள்.

ஏன் உதிரி பாகத்தையே பிடித்துத் தொங்குகிறேன் என்றால், உடையாத ஆர்சி வண்டி என்று ஒன்று கிடையாது. வீடியோக்களில் மாடியிலிருந்து தூக்கிப் போட்டாலும் ஓடுகிற வண்டியைப் பார்த்திருப்பான். அதே வண்டி நடைபாதை விளிம்பில் சரியான கோணத்தில் ஒருமுறை மோதினால் முன்சக்கரம் தொங்கிவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் உடைப்பதில் பெரும்பங்கு இந்த ஒரே வகைதான்: நல்ல வேகத்தில் வரும்போது ஒரு பக்க முன்சக்கரம் மட்டும் கல்லிலோ சுவர் மூலையிலோ போய் அடிப்பது.

அப்படி அடித்தால் என்ன நடக்கிறது என்பதில்தான் பொம்மைக்கும் ஹாபி கிரேடுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஹாபி வண்டியில் சக்கரத்தைத் தாங்குவது நைலான் கலந்த பிளாஸ்டிக்கில் செய்த சஸ்பென்ஷன் ஆர்ம். அது சேஸிஸோடு ஒரு மெல்லிய இரும்புக் கம்பியால், அதாவது ஹிஞ்ச் பின்னால், இணைக்கப்பட்டிருக்கும். மோதலில் முதலில் அந்த ஆர்ம் வளையும்; தாங்கவில்லை என்றால் அது உடையும், அல்லது அதன் முனையில் இருக்கும் ஸ்டீயரிங் நக்கிள் உடையும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போவது மாதிரி, விலை குறைந்த பாகம் போய் சேஸிஸைக் காப்பாற்றுகிறது. சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் அடி ஸ்க்ரூவை எடுத்து, ஹிஞ்ச் பின்னை உருவி, புது ஆர்மைப் பொருத்தி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது. கை பழகிய பையன் அரை மணி நேரத்துக்குள் செய்துவிடுவான். பொம்மைக் காரில் இதே இடம் உடம்போடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். மோட்டாரை இயக்குவதும் சிக்னலை வாங்குவதும் ஒரே சர்க்யூட் போர்டில் இருக்கும். ஒன்று போனால் எல்லாம் போச்சு. முன்பு வாங்கிய கார்கள் குப்பைக்குப் போனதற்கு உங்கள் மகனை மட்டும் குறை சொல்ல முடியாது.

அதனால் வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாடலின் பெயரைப் போட்டு இந்தப் பாகங்களைத் தேடுங்கள்: முன் சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்டீயரிங் நக்கிள், ஸ்பர் கியர் (மோட்டாரின் விசையை வாங்கும் பெரிய கியர்), டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்), மேல் பாடி. வாங்க முடிகிற நிலையில், கையிருப்பில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பாகத்தின் எண்ணோடு, வண்டியைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் தனியாகக் காட்டும் வரைபடம் தயாரிப்பாளர் தளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்மும் ஸ்பர் கியரும் கிடைக்காத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் தொடாதீர்கள். ஹாபி கிரேட் என்று பெட்டியில் அச்சடித்து, ஒரு வருடத்தில் மாடலையே நிறுத்திவிடும் வண்டிகள் நிறைய உண்டு. ஸ்லாஷை நான் முதலில் சொன்னதற்குக் காரணமும் இதுதான். 2008இல் வந்த வண்டி இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. அசல் பாகம் மட்டுமல்லாமல் வேறு நிறுவனங்கள் செய்யும் பாகங்களும் அதற்குக் குவிந்து கிடக்கின்றன. ஏதாவது பழுது வந்தால் அதே பழுதை ஏற்கெனவே யாரோ சரிசெய்து படம் பிடித்துப் போட்டிருப்பார்கள்.

இப்போது அந்த 80 கிலோமீட்டர் விவகாரம். பையனிடம் கணக்காகவே பேசுங்கள், இந்த வயதில் அது எடுபடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டரை கிலோ எடையுள்ள ட்ரக் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதைவிட 80இல் மோதும்போது 7 மடங்கு ஆற்றல் பாய்கிறது. வண்டியின் பிளாஸ்டிக் 7 மடங்கு தடிமனாகிவிடவில்லை. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் திரும்புவதற்குள் பல மீட்டர் போயிருக்கும். யாருடைய கணுக்காலில் போய் அடித்தாலும் எலும்பு தாங்காது. பெட்டியில் போட்டிருக்கும் உச்ச வேகம் பல மாடல்களில் 3எஸ் (மூன்று செல்) பேட்டரியும் பெரிய பினியன் கியரும் (மோட்டார் தண்டில் இருக்கும் கியர்) போட்டு, நீளமான சமதளத்தில் எடுத்த அளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். சாதாரண மைதானத்தில் அந்த எண்ணை அவன் பார்க்கப்போவதே இல்லை.

பிரஷ்லெஸ் மோட்டாரை நான் கெட்டது என்று சொல்லவில்லை. உண்மையில் மோட்டாராக மட்டும் பார்த்தால் அதுதான் அதிக நாள் உழைக்கும். பிரஷ்டு மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் தேயும், கம்யூட்டேட்டர் கருகும், ஒரு கட்டத்தில் மோட்டாரையே மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் 550 அளவு பிரஷ்டு மோட்டார் விலை குறைவு, மாற்றுவதும் இரண்டு ஸ்க்ரூ வேலை. பிரஷ்லெஸ் தரும் திடீர் விசையை வாங்கிக்கொள்வது அதற்குப் பின்னால் இருக்கும் கியர், டிஃபரென்ஷியல், டிரைவ் ஷாஃப்ட், டயர் எல்லாம்தான். ஓட்டத் தெரியாத கையில் அந்த வரிசையில் ஏதாவது ஒன்று வாரம் ஒருமுறை போகும்.

பையன் கொஞ்சமும் இறங்கி வரவில்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. 2எஸ் பேட்டரியிலும் 3எஸ் பேட்டரியிலும் ஓடக்கூடிய பிரஷ்லெஸ் வண்டியை வாங்கி, ஆரம்ப மாதங்களில் 2எஸ் மட்டும் கொடுப்பது. ஆர்மாவின் பல வண்டிகளோடு வரும் ட்ரான்ஸ்மிட்டரில், அதாவது கையில் பிடிக்கும் ரிமோட்டில், வேகத்தை 50, 75, 100 சதவீதம் என்று கட்டுப்படுத்தும் ஸ்விட்ச் இருக்கிறது. ட்ராக்ஸஸ் பிரஷ்டு வண்டிகளில் வரும் எக்ஸ்எல்-5 ஈஎஸ்சியிலும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டிரெயினிங் மோட் உண்டு, அது வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். அந்த ட்ரான்ஸ்மிட்டர் ஸ்விட்ச் மட்டும் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது, நண்பர்கள் சுற்றி நிற்கும்போது 50இல் நிற்காது. 3எஸ் பேட்டரியை நீங்கள் கொடுக்காவிட்டால் அந்த வேகம் வரவே வராது. எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வண்டியின் வடிவம் என்று வரும்போது நான்கு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஸ்லாஷ் போன்றவை ஷார்ட் கோர்ஸ் ட்ரக். பாடி சக்கரங்களுக்கு மேல் மூடியிருக்கும், முன்னும் பின்னும் பெரிய பம்பர், அகலமான நிலை. எளிதில் கவிழாது, மோதல்களைப் பாடியும் பம்பரும் வாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால் தாவும்போது அந்தப் பெரிய பாடிக்குள் காற்று புகுந்து மூக்கைத் தூக்கும், உயரமான புல்லில் அடிவயிறு உரசும். கிரானைட், ட்ராக்ஸஸ் ஸ்டாம்பீட் போன்ற மான்ஸ்டர் ட்ரக்குகளுக்குப் பெரிய டயர், நல்ல உயரம். புல், கல், மேடு பள்ளம் எதுவும் அவற்றுக்குப் பொருட்டில்லை. ஆனால் வேகமாகத் திருப்பினால் உருளும், அதுவும் ஸ்டாம்பீட் உருளுவதில் பெயர் பெற்றது. ட்ராக்ஸஸ் ரஸ்லர் மாதிரியான ஸ்டேடியம் ட்ரக்குகள் தாழ்வானவை, ரோட்டிலும் கெட்டி மண்ணிலும் சுகம், புல்லில் திணறும். நான்காவது கிராலர், அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் சொன்ன மண், புல், ரோடு மூன்றில் புல் அதிகம் என்றால் மான்ஸ்டர் ட்ரக், மற்ற இரண்டும் அதிகம் என்றால் ஷார்ட் கோர்ஸ்.

டூ-வீலா, ஃபோர்-வீலா? ஃபோர்-வீல் டிரைவ் ஓட்டுவதற்கு எளிது. விசையை அழுத்தினால் நேராகப் போகும், வழுக்கும் மண்ணிலும் பிடிப்பு இருக்கும். ஆனால் முன்பக்கமும் ஒரு டிஃபரென்ஷியல், இரண்டு டிரைவ் ஷாஃப்ட், கூடவே பேரிங்குகள் என்று பிரித்துப் போட வேண்டியவை கூடும். டூ-வீல் டிரைவில் பின்பக்கம் அடிக்கடி சுற்றிக்கொண்டு போகும், பையன் விசையை அளந்து அழுத்தக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். பராமரிப்பு பாதி. முன்சக்கரத்துக்கு விசை போகாததால், முன்னால் மோதினாலும் உடைவது மலிவான பாகங்கள் மட்டுமே. நான் டூ-வீல் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம். மணல் நிறைந்த இடத்தில்தான் ஓட்டப்போகிறான் என்றால் மட்டும் ஃபோர்-வீலுக்குப் போங்கள்.

பேட்டரியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் வீட்டுக்கே ஆபத்து வரக்கூடிய ஒரே இடம் இதுதான்.

இரண்டு வகை உண்டு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பழைய வகை: செல்லுக்கு 1.2 வோல்ட், 6 செல் என்றால் 7.2, 7 செல் என்றால் 8.4 வோல்ட். கனமாக இருக்கும், ஓட ஓடச் சக்தி குறைந்துகொண்டே வரும். ஆனால் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். லிப்போ (லித்தியம் பாலிமர்) புதிய வகை: செல்லுக்கு 3.7 வோல்ட், 2எஸ் என்றால் 7.4, 3எஸ் என்றால் 11.1. இலகுவாக இருக்கும், கடைசி நிமிடம் வரை விசை குறையாது. தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும். முதல் சில மாதங்களுக்கு நிக்கல் பேட்டரியே போதும் என்பது என் கருத்து. ஓட்டும் நேரம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றினால் இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

லிப்போவுக்குப் போவதாக இருந்தால் இதையெல்லாம் வீட்டுச் சட்டமாக்கிவிடுங்கள். செல்களைச் சமன்படுத்திச் சார்ஜ் செய்யும் பேலன்ஸ் சார்ஜர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சார்ஜரில் லிப்போ என்ற தேர்வும் செல் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நிக்கலுக்கான அமைப்பில் லிப்போவை மாட்டுவது தீ விபத்துக்கு அழைப்பு. சார்ஜ் வேகம் 1சி, அதாவது 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர். தரை ஓடு, சிமெண்ட் போன்ற எரியாத பரப்பில், லிப்போ பைக்குள் (தீயைத் தாங்கும் பை) வைத்து, ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்ய வேண்டும். ஓடி முடித்த சூட்டோடு சார்ஜரில் போடக்கூடாது. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட் வரும், அந்த நிலையில் வாரக்கணக்கில் வைத்தால் பேட்டரி கெடும். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற ஸ்டோரேஜ் அளவில் வையுங்கள், பெரும்பாலான நல்ல சார்ஜர்களில் அதற்கே தனித் தேர்வு இருக்கும். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பதோ கூடாது, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். வாங்கும்போது கடினமான பிளாஸ்டிக் உறை போட்ட வகையாகப் பார்த்து வாங்குங்கள், கல் மேல் விழும் வண்டிக்கு அதுதான் சரி.

செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே லிப்போ இறங்கினால் பெரும்பாலும் அவ்வளவுதான். அதைத் தடுக்க ஈஎஸ்சியில் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் இருக்கும், ஆனால் அது ஆன் ஆகியிருக்க வேண்டும். எக்ஸ்எல்-5இல் ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு பச்சையாக எரிந்தால் அது இயங்குகிறது, சிவப்பாக எரிந்தால் இல்லை. நிக்கல் பேட்டரியிலிருந்து லிப்போவுக்கு மாறுகிற அன்று இதைப் பார்க்காமல் ஓட்டி, புது பேட்டரியை முதல் நாளிலேயே கொன்றவர்கள் ஏராளம். ஓட்டி முடித்ததும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பேட்டரியின் கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும். கனெக்டர் என்றதும் இன்னொன்று: ட்ராக்ஸஸுக்குத் தனி வடிவம், மற்றவர்கள் எக்ஸ்டி60, ஐசி3, டீன்ஸ் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். பேட்டரியும் சார்ஜரும் வண்டியும் ஒரே கனெக்டரில் இருக்கும்படி வாங்கினால் சால்டரிங் வேலை மிச்சம்.

ஒதுக்கிய பணம் முழுவதையும் வண்டியிலேயே கொட்டிவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது நல்ல சார்ஜர், இரண்டாவது பேட்டரி, கருவிகள், முதல் சுற்று உதிரி பாகங்கள் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு சேர்த்தே ஒரு ஜோடி முன் ஆர்ம், ஒரு ஸ்பர் கியர், கொஞ்சம் பாடி கிளிப் வாங்கி வைத்தால் சனிக்கிழமை உடைந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடும். உதிரி பாகத்துக்காக இரண்டு வாரம் காத்திருக்கும் பையன் பெரும்பாலும் அந்த வண்டியை மறந்துவிடுவான். கருவிகளில் 1.5, 2.0, 2.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் டிரைவர்கள் நல்ல எஃகில் வேண்டும். பெட்டியோடு வரும் எல் வடிவ ஆலன் கீ சீக்கிரமே முனை மழுங்கி, ஸ்க்ரூவின் தலையையும் வழித்துவிடும். தலை வழிந்த ஸ்க்ரூவை எடுப்பது, ஆர்ம் மாற்றுவதைவிடப் பெரிய வேலை. உலோகத்துக்குள் இறங்கும் ஸ்க்ரூக்களுக்கு நீல நிறத் திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போடுங்கள், குறிப்பாக மோட்டார் ஸ்க்ரூவுக்கும் பினியன் ஸ்க்ரூவுக்கும். பிளாஸ்டிக்குக்குள் இறங்கும் ஸ்க்ரூவுக்குப் போடாதீர்கள், அது பிளாஸ்டிக்கை அரித்து வெடிக்க வைக்கும்.

பையன் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் மெக்கானிக் வேலை கியர் மெஷ் அமைப்பது. மோட்டாரின் தண்டில் இருக்கும் சின்ன உலோகப் பினியனும் அதோடு பொருந்தும் பெரிய பிளாஸ்டிக் ஸ்பர் கியரும் சரியான இடைவெளியில் இல்லையென்றால் ஸ்பர் கியரின் பற்கள் மழிந்துவிடும். வண்டி ஓடாமல் நின்று, மோட்டார் மட்டும் ஊளையிட்டால் அதுதான். மோட்டாரைப் பிடிக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். சாதாரண நோட்டுத் தாளில் ஒரு மெல்லிய பட்டை கிழித்து இரண்டு கியருக்கும் நடுவில் விடுங்கள். மோட்டாரை ஸ்பர் பக்கம் மெதுவாக அழுத்தி ஸ்க்ரூவை முறுக்குங்கள், பிறகு கியரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல்லின் தடம் வளைந்து வளைந்து தெளிவாக விழுந்திருக்க வேண்டும், தாள் கிழிந்திருக்கக்கூடாது. கிழிந்தால் இறுக்கம் அதிகம், தடமே சரியாக விழவில்லை என்றால் தளர்வு. தாளை எடுத்தபின் ஸ்பரை விரலால் ஆட்டினால் துளி அசைவு தெரிய வேண்டும். ஸ்பரை முழுச் சுற்று சுற்றி நான்கைந்து இடத்தில் அந்த அசைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிளாஸ்டிக் கியர் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை.

அலங்காரப் பாகங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. வண்டி வாங்கிய மறுநாளே நீலத்திலும் சிவப்பிலும் பளபளக்கும் அலுமினியம் ஆர்ம்கள் அவன் கண்ணில் படும். உறுதியாகத்தானே இருக்கும் என்று உங்களுக்கும் தோன்றும். பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து திரும்பி வரும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், வளையாவிட்டால் அடியை அப்படியே சேஸிஸுக்கும் ஆர்மைத் தாங்கும் பல்க்ஹெட்டுக்கும் கடத்திவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆர்பிஎம் போன்ற நிறுவனங்கள் செய்யும் கெட்டியான நைலான் ஆர்ம்கள் நல்ல முதலீடு. அதற்கு முன் மாற்ற வேண்டியது சர்வோ. விலை குறைந்த வண்டிகளோடு வரும் பிளாஸ்டிக் கியர் சர்வோ ஒரு நாள் கடகடவென்று சத்தம் போட்டு ஒரு பக்கம் திரும்ப மறுக்கும், அப்போது உலோகக் கியர் சர்வோவாகப் போடுங்கள். பாடியில் விரிசல் விழுந்தால் புதியது வாங்க ஓட வேண்டாம். உள்பக்கம் சுவர்ப்பூச்சுக்குப் பயன்படும் வலை டேப்பை ஒட்டி, அதன்மேல் காய்ந்தாலும் வளைகிற ஷூ பசையைத் தடவினால் பழைய பாடி புதியதைவிட உழைக்கும். அழகாக இருக்காது, அது வேறு.

வாட்டர்ப்ரூஃப் என்று பெட்டியில் இருப்பது ஈஎஸ்சி, ரிசீவர், சர்வோ ஆகியவற்றுக்கு. பேரிங்குகளுக்கும் ஸ்க்ரூக்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது, துருப்பிடிக்கும். ட்ரான்ஸ்மிட்டருக்கும் கிடையாது. ஈரத்தில் ஓட்டினால் துடைத்து, காயவைத்து, பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். உப்புத் தண்ணீர் பக்கமே போக வேண்டாம்.

ஓட்டும் முறையிலும் வண்டியின் ஆயுள் இருக்கிறது. ட்ரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்து கடைசியில் ஆஃப் செய்யப் பழக்குங்கள், இல்லையென்றால் வண்டி கட்டுப்பாடின்றி ஓடும் வாய்ப்பு உண்டு. வண்டி நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அதற்குக் கை பழகும்வரை காலி மைதானத்தில் இரண்டு செருப்பையோ பாட்டிலையோ தூரமாக வைத்து எட்டு வடிவத்தில் சுற்றச் சொல்லுங்கள். முதல் நாள் தாவல் வேண்டாம். தாவத் தொடங்கியபின் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: காற்றில் இருக்கும்போது விசையை அழுத்தினால் மூக்கு மேலே எழும், பிரேக் பிடித்தால் கீழே இறங்கும். ஆனால் தரையைத் தொடும் கணத்தில் முழு விசையில் இருக்கக்கூடாது. வேகமாகச் சுற்றும் சக்கரம் தரையில் பட்டு சட்டென்று பிடிபடும் அதிர்ச்சி முழுவதும் கியருக்கும் ஷாஃப்டுக்கும் போகும். புல்லில் சிக்கி நின்றுவிட்டால் விசையை விட்டுவிட்டு நடந்து போய் எடுக்க வேண்டும், அழுத்திக்கொண்டே நின்றால் மோட்டாரும் ஈஎஸ்சியும் கருகும். ஒரு பேட்டரி தீர்ந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்க்கட்டும். விரலை ஓரிரு விநாடிகூட வைக்க முடியவில்லை என்றால் நன்றாக ஆறியபின்தான் அடுத்த பேட்டரி. எப்போதும் அப்படியே சுட்டால், பல் குறைந்த பினியன் ஒன்று போட வேண்டும், வேகம் கொஞ்சம் குறையும், மோட்டார் பிழைக்கும்.

கிராலரைப் பிறகு சொல்கிறேன் என்றேன். ஓட்ட இடம் குறைவு, அல்லது பையனுக்கு வேகத்தைவிடச் சவால் பிடிக்கும் என்றால், ட்ராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம், ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24 மாதிரி சின்ன கிராலர்களைப் பார்க்கலாம். முதலாவது 1/18, இரண்டாவது 1/24 அளவு. நடை வேகத்தில் கல் மேலும் புத்தக அடுக்கு மேலும் ஏறும். மெதுவாகப் போவதால் உடைவது மிகக் குறைவு, வீட்டுக்குள்ளேயே ஓட்டலாம். ஆனால் 80 கிலோமீட்டர் கேட்ட பையனிடம் இதைக் கொடுத்தால் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓட்டுவதைவிடப் பிரிப்பதும் சேர்ப்பதும்தான் அவனுக்குப் பிடிக்குமென்றால் டாமியா கிட் பக்கம் போங்கள். 1984இல் வந்த கிராஸ்ஹாப்பர் பக்கியும் 1987இல் வந்த லஞ்ச் பாக்ஸ் வேனும் மறுவெளியீடாக வந்திருக்கின்றன. பழைய வடிவமைப்பு, குதித்துக் குதித்து ஓடும், இன்றைய ஸ்லாஷோடு போட்டி போட முடியாது. ஆனால் ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று தெரிந்தே ஓட்டுவான். ட்ரான்ஸ்மிட்டர், சர்வோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனியாக வாங்க வேண்டியிருக்கும், கூடவே பிளாஸ்டிக் புஷ்ஷிங்குக்குப் பதிலாக பால் பேரிங் செட் ஒன்றும் வாங்கிச் சேர்க்கும்போதே போட்டுவிடுங்கள்.

நைட்ரோ வேண்டாம். சத்தமும் புகையும் ஆசையாக இருக்கும். ஆனால் எஞ்சினைப் பதமாக்குவது, கார்புரேட்டரை வானிலைக்கு ஏற்பத் திருப்புவது, குளோ பிளக் மாற்றுவது என்று ஓட்டும் நேரத்தைவிட மல்லுக்கட்டும் நேரம் அதிகம். எரிபொருள் தீப்பற்றக்கூடியது, மெத்தனால் கலந்தது, விழுங்கினால் விஷம். முதல் வண்டிக்கு இது எதுவும் தேவையில்லை.

பழைய வண்டியைத் தாராளமாக வாங்கலாம், மேலே சொன்ன உதிரி பாகச் சோதனையில் தேறிய மாடலாக இருந்தால். பாடியின் கீறலைப் பார்த்து மிரள வேண்டாம், பாடியைக் கழற்றச் சொல்லி உள்ளே பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் பேரிங் போயிருக்கும். ஷாக்குகளை அழுத்தினால் எண்ணெய் கசியாமல் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். வண்டியைத் தூக்கி ஒரு பின்சக்கரத்தைச் சுற்றினால் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் மிருதுவாகச் சுற்ற வேண்டும், கரகரத்தால் டிஃபரென்ஷியலில் வேலை இருக்கிறது. ஸ்க்ரூத் தலைகள் எத்தனை வழிந்திருக்கின்றன என்று பாருங்கள், முன்பு வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது அதில் தெரியும். ஐந்து நிமிடமாவது ஓட்டிக் காட்டச் சொல்லி, பிறகு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். அதோடு லிப்போ பேட்டரியும் இலவசமாகத் தருகிறேன் என்றால், வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பேட்டரியை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.